கடைக்கு வருகிற லாரி எங்கே நிற்கும்?

திருநெல்வேலி டவுனிலிருந்து மேற்கே, தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிற ஒரு ஊர்க்காரத் தம்பி எழுதியிருக்கிறார். ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். மெயின் ரோட்டை ஒட்டி நாலு ஏக்கரில் ஒரு பெரிய கடை வரப்போகிறதாம், அரிசி பருப்பிலிருந்து கட்டில் பீரோ வரைக்கும் ஒரே கூரைக்குள் விற்கிற மாதிரி. இடத்துக்கு முன்பக்கம் மெயின் ரோடு, பின்பக்கம் வாய்க்கால் கரையை ஒட்டிப் போகிற ஊர் ரோடு, பள்ளிக்கூடமும் அந்தப் பின்பக்க ரோட்டில்தான். "அண்ணாச்சி, கடை வர்றதுல எங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. லாரி எல்லாம் எங்க தெரு வழியா வந்துரும்னுதான் பயமா இருக்கு. இத எங்க போய்ச் சொல்லணும், சொன்னா கேப்பாங்களா?" என்பது கேள்வி.

கேட்பார்கள் தம்பி, ஆனால் இப்போதே சொன்னால்தான். திட்ட அனுமதி கையெழுத்தாவதற்கு முன்னால் வரைபடத்தில் வாயிலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்ற ஒரு பென்சில் கோடு போதும். கட்டடம் எழும்பி, சரக்கு இறக்கும் மேடை கான்கிரீட் போட்டு முடிந்தபிறகு அதே வாயிலை மாற்ற யாராலும் முடியாது, கலெக்டர் நினைத்தாலும் கஷ்டம்தான். நான் இருபது வருடத்துக்கும் மேலாக ரோடு வேலையில், பெரும்பாலும் வாகனக் கணக்கெடுப்பிலும் சாலை வடிவமைப்பிலும் இருந்தவன், அந்த அனுபவத்தில் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒன்று. "கடையே வேண்டாம்" என்று மனு எழுதாதீர்கள். நகர் ஊரமைப்பு அலுவலகம் பார்ப்பது நிலத்தின் வகைப்பாடு என்ன, ரோட்டின் அகலம் என்ன, சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்பதைத்தான். ஊரில் இருக்கிற பலசரக்குக் கடைகளுக்கு வியாபாரம் போய்விடும் என்ற காரணத்தை வைத்து அவர்களால் ஒரு விண்ணப்பத்தைத் தள்ள முடியாது. அந்தக் கவலை உண்மையானது, கணக்கு நோட்டில் எழுதி மாசக் கடைசியில் பணம் வாங்கிக்கொள்கிற கடையில் சாமான் வாங்கி வளர்ந்தவன்தான் நானும், ஆனால் அது வேறு இடத்தில் பேச வேண்டிய விஷயம். இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்தால் லாரி விஷயமும் சேர்ந்து காணாமல் போகும். உங்கள் மனுவில் இருக்க வேண்டியது மூன்றே கேள்வி: லாரி எந்த வாயிலில் நுழையும், எந்த நேரத்தில் வரும், உள்ளே இடம் இல்லாதபோது எங்கே காத்திருக்கும்.

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், தொல்லை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

தென்மாவட்டத்தில் ஒரு ஊரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், ஊரும் கடையும் பெயர் வேண்டாம். முன்பக்கம் கண்ணாடி வைத்த வாசல், கார் நிறுத்தம், விளக்கு எல்லாம் அழகாக இருந்தது. சரக்கு வாயில் மட்டும் பின்பக்கத் தெருவில். வரைபடத்தில் அது "சேவை வாயில்" என்று இரண்டு வார்த்தையில் இருந்தது, அந்தத் தெருக்காரர்கள் யாரும் அந்த வரைபடத்தைப் பார்க்கவில்லை. கடை திறந்து ஒரு மாதத்தில் சாக்கடை மேல் போட்டிருந்த சிலாப் எல்லாம் உடைந்தது. தெரு முனையில் கேபிள் ஒயர் மூன்று முறை அறுந்தது. ஆட்கள் குறுக்கே கயிறு கட்டி லாரியை மறித்தார்கள், போலீஸ் வந்தது, லாரிகளை மெயின் ரோட்டிலேயே நிறுத்தச் சொன்னது, அங்கே பஸ் நின்று போக இடமில்லாமல் போனது. கடைசியில் விடியற்காலை நாலு மணிக்கு லாரி வருவது என்று ஒரு உடன்பாடு. அந்தத் தெருவில் கைக்குழந்தை வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு அதனால் தூக்கம் போனது. கடைக்காரர்களும் கெட்டவர்கள் இல்லை, யாரும் கேட்காததால் அவர்கள் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் இடமும் அதே அமைப்புதான். முன்பக்கம் மெயின் ரோடு, பின்பக்கம் ஊர் ரோடு என்று இருந்தால் எந்தக் கட்டட வடிவமைப்பாளரும் வாடிக்கையாளரை முன்னால் விட்டு லாரியைப் பின்னால்தான் விடுவார். அதனால் உங்கள் பயம் வெறும் பயம் இல்லை.

இனி கணக்குக்கு வருகிறேன், இதைப் புரிந்துகொண்டால்தான் அதிகாரிகள் முன்னால் பேச முடியும். ரோட்டில் போகிற ஒவ்வொரு வண்டியையும் இத்தனை காருக்குச் சமம் என்று மாற்றித்தான் நாங்கள் கணக்குப் போடுவோம். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) 1990-ல் வெளியிட்ட ஐஆர்சி 64 என்ற வழிகாட்டியில் ஊர்ப்புறச் சாலைக்கு லாரி அல்லது பஸ் 3 கார், டிராக்டரோடு டிரெய்லர் சேர்ந்தால் 4.5 கார், பைக் அரை கார். அதே வழிகாட்டியில் 7 மீட்டர் அகல இருவழிச் சாலை சமதரையில் ஒரு நாளைக்கு 15,000 கார் அளவைத் தாங்கும் என்றும், 3.75 மீட்டர் ஒற்றைத் தடச் சாலை 2,000 கார் அளவைத் தாங்கும் என்றும் இருக்கிறது.

சரி, கடைக்கு ஒரு நாளைக்கு 30 லாரி வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வந்த லாரி திரும்பிப் போக வேண்டும் இல்லையா, ஆக 60 நடை. மூன்றால் பெருக்கினால் 180. மெயின் ரோட்டின் 15,000-ல் 180 என்பது நூற்றுக்கு ஒன்று சொச்சம். கடைக்காரர் வைத்திருக்கிற ஆலோசகர் இந்தக் கணக்கைத்தான் கொண்டுவந்து காட்டுவார், "பாதிப்பு மிகவும் குறைவு" என்று எழுதுவார், அந்தக் கணக்கில் தப்பும் இருக்காது. "லாரி அதிகமாகிவிடும், ரோடு தாங்காது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனீர்கள் என்றால் இந்த இடத்தில் தோற்றுவிடுவீர்கள், எத்தனையோ ஊர்க்காரர்கள் அப்படித் தோற்றதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கணக்கு ஓடுகிற லாரியைப் பற்றியது. நிற்கிற லாரியைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. லாரியின் அகலம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 மீட்டர் ரோட்டில் ஒரு லாரி ஓரமாக நின்றால் மிச்சம் 4.5 மீட்டர், எதிரும் புதிருமாக இரண்டு பஸ் விலக முடியாது. அதாவது இருவழிச் சாலை ஒரு லாரி நின்ற மாத்திரத்தில் ஒருவழியாகிறது. உங்கள் பின்பக்க ரோடு 3.75 மீட்டர். அங்கே லாரி நின்றால் மிச்சம் ஒன்றேகால் மீட்டர், சைக்கிளும் பைக்கும் மட்டும்தான் போகும், ஆம்புலன்ஸ் போகாது, அறுவடைக்கு வருகிற மிஷின் போகாது. எதிரே இன்னொரு லாரி வந்துவிட்டால் இரண்டில் ஒன்று வாய்க்கால் கரை மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்புறம், லாரி ஏன் வெளியே நிற்கிறது என்று பாருங்கள். பெரிய கடைகளில் சரக்கு எடுக்கிற நேரம் என்று ஒன்று உண்டு. ரசீது சரிபார்க்க ஆள் இருக்கிற நேரம் மட்டும்தான் இறக்குவார்கள். 30 லாரி, ஒரு லாரிக்கு இறக்கி முடிக்க ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் 45 மணி நேர வேலை. காலை 8 முதல் மாலை 5 வரை ஒன்பது மணி நேரம்தான் எடுப்பார்கள் என்றால், குறைந்தது ஐந்து லாரி ஒரே நேரத்தில் நின்று இறக்குகிற மேடை வேண்டும், அதுவும் லாரிகள் வரிசை பிசகாமல் ஒழுங்காக வந்தால். வரைபடத்தில் இரண்டு மேடைதான் இருக்கிறது என்று வையுங்கள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லாரிதான் இறக்க முடியும். மீதி பதினெட்டு எங்கே நிற்கும்? ஒரு லாரிக்கு இடைவெளியோடு 12 மீட்டர் என்றால் பத்து லாரி நின்றாலே 120 மீட்டர், உங்கள் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்துவிடும். இது நான் ஒரு உதாரணத்துக்குப் போட்ட கணக்கு, உண்மையான எண்ணிக்கையைக் கடைக்காரர்தான் கொடுக்க வேண்டும், அவரிடம் அது இருக்கும், ஏனென்றால் அது தெரியாமல் யாரும் இவ்வளவு பெரிய கடையைத் திட்டமிட மாட்டார்கள். கேட்கும்போது "எத்தனை லாரி" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை லாரி, ஒன்றுக்கு எவ்வளவு நேரம், எத்தனை மேடை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். நான்கும் தெரிந்தால் வெளியே எத்தனை நிற்கும் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

இன்னொன்றையும் கேளுங்கள், என்னென்ன மாதிரி வண்டி என்று. கம்பெனிக் கிடங்கிலிருந்து வருவது பெரிய கன்டெய்னராகவோ டாரஸாகவோ இருக்கலாம். பால், பிரெட், முட்டை, குளிர்பானம், காய்கறி எல்லாம் குட்டியானையிலும் லோடு ஆட்டோவிலும் தனித்தனியாக வரும், அதுவும் பெரும்பாலும் ஒரே நேரத்தில், விடிந்தும் விடியாமல். பழைய அட்டைப்பெட்டி ஏற்றிப் போகிற வண்டி, குப்பை வண்டி, வீட்டுக்கு டெலிவரி கொண்டுபோகிற வண்டி என்று யாரும் கணக்கில் சேர்க்காதவையும் இருக்கின்றன. 30 என்று சொன்னால் அந்த 30-க்குள் இவையும் உண்டா என்று கேட்க வேண்டும்.

திரும்புகிற இடத்தைப் பற்றி. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலை இறக்கை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் வளைவைத் தாண்டிப் போய்விடும், பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், அதற்காகவே கடை முன்னால் இருக்கிற கல்லையும் கம்பத்தையும் எடுத்து வைப்பார்கள். சாதாரண பத்து மீட்டர் லாரிக்கும் அதே கதைதான், அளவு சிறியது. மெயின் ரோட்டிலிருந்து 3.75 மீட்டர் ரோட்டுக்குள் இடதுபக்கம் திரும்ப வேண்டும் என்றால் டிரைவர் முதலில் வலதுபக்கம் ஏறி எதிர்த் தடத்தைப் பிடித்துத்தான் திரும்புவார், வேறு வழி அவருக்கு இல்லை. லாரி வலதுபக்கம் ஏறுகிறதே என்று நினைத்து பைக்காரரோ சைக்கிளில் வருகிற பிள்ளையோ இடதுபக்க இடைவெளியில் நுழைந்தால், அந்த இடம் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது, பின்சக்கரம் வெட்டி வருவதும் அந்த இடத்துக்குத்தான். பள்ளிக்கூடத்து ரோட்டில் சரக்கு வாயில் வைக்கவே கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். இரைச்சல், தூசி எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

வாயில் எங்கே இருந்தாலும் ஒரு நிபந்தனை கட்டாயம்: லாரி முன்பக்கமாக உள்ளே போய், உள்ளேயே திரும்பி, முன்பக்கமாகவே வெளியே வர வேண்டும். பொதுச் சாலையிலிருந்து ரிவர்ஸ் எடுத்து உள்ளே போவதோ, ரிவர்ஸில் ரோட்டுக்கு வருவதோ கூடாது. ஒரு பெரிய லாரி திரும்ப ஏறக்குறைய 12 மீட்டர் ஆரம் வேண்டும், நாலு ஏக்கரில் அதற்கு இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கார் நிறுத்தத்தில் கொஞ்சம் குறையும், அதனால்தான் தானாகச் செய்ய மாட்டார்கள், கேட்டால் செய்வார்கள்.

ரோட்டின் பலத்தைப் பற்றி எல்லாரும் தப்பாகவே நினைக்கிறார்கள். லாரி காரைவிடப் பத்து மடங்கு கனம் என்றால் ரோட்டுக்குப் பத்து மடங்கு சேதம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒரு அச்சில் இறங்குகிற எடையின் நான்காம் அடுக்கில் சேதம் ஏறும், அதாவது எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு என்பது அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1950-களின் கடைசியில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து வந்த விதி, இன்றைக்கும் சாலை வடிவமைப்புக்கு அதுதான் அடிப்படை. 2018-ல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபிறகு சாதாரண இரண்டு அச்சு லாரி சரக்கோடு 18.5 டன் வரை போகலாம், பின் அச்சில் மட்டும் 11.5 டன். காரின் ஒரு அச்சில் 0.6 டன் என்று வைத்து நான்காம் அடுக்கு போட்டுப் பாருங்கள், அந்த ஒரு பின் அச்சு ஒருமுறை உருண்டு போவது கார் அச்சு ஒரு லட்சம் முறைக்கும் மேல் உருண்டதற்குச் சமம். வரம்புக்கு மேல் இருபது சதவீதம் கூடுதலாக ஏற்றினால் சேதம் இரண்டு மடங்கு. ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிய டாரஸ் போகிற ரோடெல்லாம் நம் மாவட்டத்தில் என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்தாலே இந்த விதி புரியும். உங்கள் பின்பக்க ரோடு பஸ்ஸும் டிராக்டரும் போவதற்காகப் போட்டது, நடுவில் வாய்க்கால் கிளைக்கு மேல் ஒரு பழைய கல்பாலம் வேறு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாலத்தை எப்போது கட்டினார்கள், எவ்வளவு எடைக்குக் கட்டினார்கள் என்று ஒன்றியப் பொறியாளரிடமும் நீர்வளத் துறையிடமும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்ட கடிதம் உங்களுக்கு உதவும்.

இரவு விஷயம். ஒலி மாசு விதிகள், 2000 படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே பகலிலேயே 50, இரவில் 40. ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துகிற ஹாரன், ஷட்டர், இரும்புத் தள்ளுவண்டி, ஜெனரேட்டர் எல்லாம் இந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டும். அதனால் பள்ளி நேரத்தில் லாரி வேண்டாம் என்று கேட்கும்போது, அப்படியானால் இரவில் வந்துவிடட்டும் என்று விட்டுவிடாதீர்கள். காலை 6 முதல் 8 வரை, பிறகு 10 முதல் 3 வரை, மாலை 6 முதல் 9 வரை என்று திறந்த நேரத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். உங்கள் ஊரில் பீடிக் கட்டுகளைக் கடையில் கொடுக்கப் பெண்கள் நடந்து போகிற நேரம் ஒன்று இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள், வெளியூரிலிருந்து வருகிற ஆலோசகருக்கு அது தெரியவே தெரியாது.

டிரைவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரி முழுக்க ஓட்டி வந்து கேட் திறக்கிறவரைக்கும் ரோட்டில் காத்துக் கிடக்கிறவர்கள் அவர்கள். உள்ளே கக்கூஸ் இல்லை, தண்ணீர் இல்லை என்றால் வாய்க்கால் கரைக்குத்தான் போவார்கள், அப்புறம் ஊருக்கும் அவர்களுக்கும் சண்டை வரும். காத்திருக்கும் இடமும் கழிப்பறையும் குளிக்கத் தண்ணீரும் ஒரு ஓய்வறையும் வளாகத்துக்குள்ளேயே வேண்டும் என்பதை உங்கள் மனுவில் சேருங்கள். அவர்கள் பக்கம் பேசவும் யாராவது வேண்டும்.

இனி எங்கே போவது. இவ்வளவு பெரிய கட்டடத்துக்குத் திட்ட அனுமதி என்பது 1971-ஆம் வருடத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது, விதிகள் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். விண்ணப்பம் ஒற்றைச் சாளர முறையில் ஆன்லைனில் போகும், திருநெல்வேலியில் இருக்கிற நகர் ஊரமைப்பு அலுவலகம் இடத்தைப் பார்வையிடும், பரப்பு பெரிதாக இருந்தால் கோப்பு சென்னையில் இருக்கிற இயக்ககத்துக்குப் போகும். இந்த அனுமதிக்குப் பொது விசாரணை என்று எதுவும் வைக்க மாட்டார்கள், உங்களைத் தேடி வந்து யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் நீங்களாகத்தான் போக வேண்டும். நிலம் விவசாய வகைப்பாட்டில் இருந்து வணிகத்துக்கு மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் உங்களுக்கு ஒரு வாசல் கூடுதலாகத் திறக்கும். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இருக்கிற பகுதியில் வகைப்பாடு மாற்றத்துக்குப் பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு ஆட்சேபணை கேட்பார்கள், எத்தனை நாளுக்குள் என்று அதிலேயே இருக்கும், ஊரில் ஒருவர் தினமும் பத்திரிகையின் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆற்றுப் பாசனத்து நஞ்சையாக இருந்தால் ஆட்சியர், வேளாண்மைத் துறை இவர்களின் கருத்தும் கேட்கப்படும், அங்கேயும் ஒரு நகல் கொடுங்கள்.

மெயின் ரோட்டில் வாயில் வெட்ட நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி தனியாக வேண்டும். அதனால் கோட்டப் பொறியாளருக்கு ஒரு மனு. வாய்க்காலைத் தாண்டி வழி போடுவதானால் நீர்வளத் துறைக்கு ஒன்று. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் மத்திய அரசின் 2006-ஆம் வருட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பின்படி சுற்றுச்சூழல் அனுமதியும் வாங்கியாக வேண்டும். நாலு ஏக்கர் என்பது 16,000 சதுர மீட்டர் சொச்சம், அதில் பாதியில் கட்டி மூன்று தளம் எழுப்பினாலே 24,000 வந்துவிடும், ஆக உங்கள் கடை இதில் மாட்டக்கூடும். கட்டடங்களுக்கு அதிலும் பொது விசாரணை கிடையாது, ஆனால் விண்ணப்பம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடக்கும், போக்குவரத்தைப் பற்றி அவர்களே என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அதில் படிக்கலாம், அந்த அனுமதியைக் கொடுக்கிற மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுதலாம்.

வரைபடம் கைக்கு வராமல் எதுவும் பேச முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, நகர் ஊரமைப்பு அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு இன்றைக்கே எழுதுங்கள். மனை வரைபடம், வாயில்கள், சரக்கு இறக்கும் இடம், போக்குவரத்து ஆய்வு கொடுத்திருந்தால் அதன் நகல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள், "எல்லா ஆவணமும்" என்று கேட்டால் தட்டிக்கழிப்பது சுலபம். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அங்கேயே மேல்முறையீடு. அதற்கிடையில் திங்கள்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ரசீது எண் வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது, அடுத்து வருகிற சபையில் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தில் ஆவேசம் வேண்டாம், மேலே சொன்ன மூன்று கேள்வியும் அதற்கு நீங்கள் கேட்கிற நிபந்தனையும் இருந்தால் போதும். "எங்க ஊருக்குள்ள லாரி வரக்கூடாது, அம்புட்டுதான்" என்று சபையில் யாராவது எழுந்து சொல்வார்கள், சொல்லட்டும், ஆனால் எழுதும்போது மீட்டரும் மணியும் போட்டு எழுதுங்கள்.

இதற்கெல்லாம் பலம் சேர்ப்பது நீங்களே எடுக்கிற வாகனக் கணக்கு. ஐஆர்சி 9 என்ற வழிகாட்டி 1972-லேயே சொல்லிவிட்டது, தொடர்ந்து ஏழு நாள், இருபத்துநாலு மணி நேரமும் எண்ண வேண்டும், வருடத்தில் இரண்டு முறை, ஒன்று அறுவடையும் விற்பனையும் மும்முரமாக இருக்கிற காலம், இன்னொன்று சும்மா இருக்கிற காலம் என்று. ஆலோசகர்கள் பல சமயம் ஏதோ ஒரு புதன்கிழமை பகலில் எண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். நம் பக்கத்தில் பிசானம் நெல் அறுவடையின்போது ரோட்டில் எத்தனை டிராக்டர், எத்தனை அறுவடை மிஷின், வாழைத்தார் ஏற்றுகிற எத்தனை லாரி போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கார் பருவ நெல் அறுவடை, பிசானம் அறுவடை இரண்டிலும் ஒவ்வொரு வாரமும், சும்மா இருக்கிற காலத்தில் ஒரு வாரமும் எண்ணிவிடுங்கள். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிற கூட்டத்தைச் சேர்க்காதீர்கள், அது வழக்கமான நாள் இல்லை என்று உங்கள் கணக்கையே தள்ளிவிட அது காரணமாகிவிடும். ஒரு நோட்டில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி, வண்டி வகைக்கு ஒரு கட்டம், நாலு கோடு கிழித்துக் குறுக்கே ஐந்தாவது கோடு, அவ்வளவுதான் வேலை. காலேஜ் படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர் மாறி மாறி உட்கார்ந்தால் முடிந்துவிடும். பள்ளி விடுகிற நேரம் நடந்தும் சைக்கிளிலும் போகிற பிள்ளைகளைத் தனியாக எண்ணுங்கள், அந்த ஒரு எண் மற்ற எல்லாவற்றையும்விட அதிகாரிகளை யோசிக்க வைக்கும்.

மனுவில் நிபந்தனையை இந்த மாதிரி எழுதலாம்: "சரக்கு வாகனங்களுக்கான வாயில் மெயின் ரோட்டின் பக்கம் மட்டுமே அமைய வேண்டும். ஊர் ரோட்டின் பக்கம் மதில் சுவரில் அவசர வழி தவிர வேறு திறப்பு கூடாது. ஒரே நேரத்தில் வரக்கூடிய சரக்கு வாகனங்கள் அனைத்தும் வளாகத்துக்குள்ளேயே நின்று, திரும்பி, முன்பக்கமாக வெளியேறும்படி இடம் ஒதுக்கப்பட வேண்டும். பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களிலும் இரவு 10 முதல் காலை 6 வரையிலும் சரக்கு வாகனங்கள் வரக்கூடாது. இவை திட்ட அனுமதியின் நிபந்தனைகளாகச் சேர்க்கப்பட வேண்டும்." கடைசி வரிதான் உயிர். கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சம்மதிப்பது, கூட்டத்தில் எழுந்து உறுதி சொல்வது எல்லாம் மேனேஜர் மாறினால் போய்விடும். அனுமதியில் நிபந்தனையாக ஏறினால் அதை மீறுவது அனுமதியை மீறுவது. கட்டி முடித்தபிறகு முடிவுச் சான்று வாங்கினால்தான் இவ்வளவு பெரிய கடைக்குக் கரண்டும் தண்ணீரும் கிடைக்கும், அந்தச் சமயத்தில் வரைபடத்தில் உள்ளபடி வாயில் இருக்கிறதா என்று நீங்கள் போய்ப் பார்த்து, இல்லையென்றால் எழுத வேண்டும்.

ஊர் ரோட்டுக்கு இன்னொரு பாதுகாப்பும் வாங்கி வைக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவின்படி பொதுமக்கள் பாதுகாப்புக்காக ஒரு குறிப்பிட்ட சாலையில் கனரக வாகனத்தைத் தடை செய்யவோ நேரம் கட்டவோ முடியும். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்றால் அரசிதழில் வெளியாக வேண்டும். கலெக்டர் தலைமையில் இருக்கிற மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் இதை வைக்கச் சொல்லிக் கேளுங்கள், ஆனால் கேட்கும்போது உங்கள் ஊர் நெல் லாரிக்கும் வாழை லாரிக்கும் விலக்கு வேண்டும் என்பதைச் சேர்த்து எழுத மறக்காதீர்கள். மறந்துவிட்டால் அறுவடைக்கு உங்கள் சரக்கே ஊரை விட்டு வெளியே போக முடியாமல் நிற்கும்.

இவ்வளவுக்கும் மசியாமல் அனுமதி கொடுத்துவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம், அங்கேயும் நீதிபதி முதலில் கேட்பது "அனுமதிக்கு முன்னால் இதைச் சொன்னீர்களா, ஆதாரம் எங்கே" என்பதாகத்தான் இருக்கும். ஆகவே கொடுக்கிற ஒவ்வொரு மனுவுக்கும் நகலில் சீல் வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

இப்போது எனக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய், ஊர் ரோடு மெயின் ரோட்டில் சேர்கிற முனையில் தார் எவ்வளவு அகலம், மண் எவ்வளவு, முனையிலிருந்து முதல் கரண்ட் கம்பம் எத்தனை அடி, கல்பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு நடுவே எவ்வளவு என்று அளந்து ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். பத்து மீட்டர் லாரி அந்த முனையில் திரும்பினால் பின்சக்கரம் எங்கே வெட்டும் என்று கோடு போட்டுத் தருகிறேன், மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.